நம் பெயரில் எழுதப்படும் பேரேடு
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்து வந்த பாதையின் பெருமையைப் பேசுதல் மரபு. அப்பணியை முன்னர்ப் பேசிய சான்றோர்கள் செவ்வனே செய்துவிட்டனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ நுகர்வோர் உரிமையும் கடன் தகவல் நிறுவனங்களும் என்பது. விழாவுக்குரிய தலைப்பா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் மக்கள் எழுத்தறிவு பெற வேண்டும் என்று இச்சங்கம் எந்நோக்கத்தோடு தோன்றியதோ, அந்நோக்கத்தோடு இத்தலைப்புக்கு நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவைக் காட்டுவதே நம் உரையின் கருத்து.

பழைய பேரேடு

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையும் நாணயம். நம் முன்னோரிடம் முதல் நாணயம் அரிதாகவே இருந்தது. இரண்டாவது நாணயத்துக்குக் குறைவில்லை. ஆனால், அந்த நாணயத்தை எழுதி வைக்கும் பேரேடு அவர்கள் கையில் இல்லை. பண்ணையாரும் வட்டிக்கடைக்காரரும் எழுதியதே கணக்கு. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை அவர்களே எழுதி அவர்களே படித்துச் சொல்ல, நம் பாட்டனார் தலையசைத்துக் கைநாட்டு வைத்தனர். பாட்டன் பட்ட கடனுக்குப் பேரன் பண்ணையில் உழைத்த வரலாற்றை இந்த அவையிலுள்ள முதியோர் அறிவர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமே 1976-ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

1923-ஆம் ஆண்டில் 'ரூபாயின் சிக்கல்' என்னும் ஆய்வு நூலை இலண்டனில் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். பணம், கடன், வட்டி என்பன மேட்டுக்குடியினர் மட்டுமே ஆராயத்தக்க பொருள்கள் அல்ல என்பதைத் தம் வாழ்வாலேயே காட்டியவர் அவர். அவர் வழியில் நிற்போமெனச் சொல்லும் நாம், இன்று நம் பெயரில் எழுதப்படும் கணக்கைப் படிக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனெனில், அந்தப் பேரேடு மறைந்துவிடவில்லை. வட்டிக்கடையின் மரப்பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

நம் கண்முன் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் கல்வி உதவிக் குழுவிடம் ஒரு மாணவி வந்தார். செவிலியர் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. தந்தையார் சுமைதூக்கும் தொழிலாளி. கல்விக்கடனுக்குத் தந்தையும் உடன் கையொப்பமிட வேண்டும். வங்கியில் அவருடைய எண்களைத் தட்டிப் பார்த்த அலுவலர், "சிபில் சரியில்லை அய்யா, ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கூறி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தந்தை திகைத்துப் போனார். பல ஆண்டுகளுக்கு முன் அவர் வாங்கிய கடன் ஒன்றே ஒன்று. இரு சக்கர வண்டிக்கு வாங்கியது. கடைசித் தவணை வரை கட்டிய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தார். குழுவில் இருந்த நாங்கள் அவரை அழைத்துக்கொண்டு இரண்டு வாரம் அந்த வங்கிக்கு நடந்தோம். மேலாளரிடம் கைகூப்பி வேண்டினோம். அவருடைய நேர்மைக்கு நாங்கள் சாட்சி என்றோம். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னோமேயன்றி, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. 'எந்த அறிக்கையைப் பார்த்து மறுத்தீர்கள்? அதன் படியைத் தாருங்கள்' என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு நம் இளைஞர் ஒருவர் சொல்லித்தான் அறிக்கையை வரவழைத்தோம். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. வண்டிக் கடனில் ரூ. 1,840 நிலுவை என்றும், அது ஆண்டுக்கணக்கில் கட்டப்படவில்லை என்றும் ஒரு பதிவு. கடன் முடிந்த செய்தியை அந்த நிதி நிறுவனம் அனுப்பவேயில்லை. மற்றொன்று, வேறு மாவட்டத்தில் வாழும் வேறொருவர் வாங்கிய கடன். அவருக்கும் அதே பெயர், அதே முதலெழுத்து. எழுதிப் போட்டோம், இரண்டும் திருத்தப்பட்டன. ஆனால், அதற்குள் கல்லூரியில் பணம் கட்டும் நாள் கடந்து, அந்த இடம் மற்றொருவருக்குப் போய்விட்டது. மறு ஆண்டு அம்மாணவி வேறொரு கல்லூரியில் சேர்ந்தார், கடனும் கிடைத்தது. ஆயினும் இழந்த ஓராண்டு இழந்ததே. அதில் நிதி நிறுவனத்தின் பிழை பாதி என்றால், எங்கள் அறியாமை மறுபாதி. இவ்வுண்மையை இந்த மலரில் பதிவு செய்தல் நம் கடமை.

இந்நிறுவனங்கள் யாவை?

அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரில் லூயிஸ் டாப்பன் என்பவர் 1841-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகர்களில் யார் நம்பத்தக்கவர், யார் கடனைத் திருப்பித் தராதவர் என்ற செய்திகளைத் திரட்டிப் பிற வணிகர்களுக்கு விற்பது அதன் தொழில். அந்த டாப்பன் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் என்பது வியப்புக்குரிய செய்தி. அவர்க்குப் பின் வந்தோர் வணிகரை விட்டுத் தனி மனிதரையும் ஆராயத் தொடங்கினர். 1899-இல் அட்லாண்டா நகரில் தோன்றிய ஒரு நிறுவனம், மக்களின் குடிப்பழக்கம், குடும்ப வாழ்க்கை ஆகியவற்றைக் கூட அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து எழுதி வைத்தது. எழுதப்பட்டவருக்கோ தம்மைப் பற்றி எழுதப்பட்டது என்னவென்றே தெரியாது. இதற்கு எழுந்த எதிர்ப்பின் பயனாக 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. தன்னைப் பற்றிய பதிவை அறியவும், பிழையை எதிர்த்து முறையிடவும் மக்களுக்கு உரிமை கிடைத்தது. 1975-இல் அந்த அட்லாண்டா நிறுவனம் தன் பெயரை ஈக்விபேக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. இன்று நம் நாட்டில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுள் அப்பெயருடையதும் ஒன்று.

மற்ற மூன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க் என்பன. சிபில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதலில் வந்ததால் அதன் பெயரே பொதுப்பெயராகி, மக்கள் 'சிபில் பார்க்கிறார்கள்' என்று சொல்லும் வழக்கம் வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை ஆகியவற்றை இந்நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. 2025 ஜனவரி முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது. நம் சேமிப்பு எவ்வளவு, நாம் எவ்வளவு உழைக்கிறோம் என்பதை அம்மதிப்பெண் அறியாது. வாங்கிய கடனை எவ்வாறு கையாண்டோம் என்பதொன்றையே அது அறியும்.

பிழை அரிதானது என்று எண்ண வேண்டா. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐவருள் ஒருவரின் அறிக்கையில் பிழை இருப்பதாகக் கண்டது. நம் தமிழகத்தில் பிழைக்கு வேறு வாய்ப்புகளும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒரு பெயரும் ஒரு முதலெழுத்துமே உண்டு. நம் முதியோர் பலருடைய பிறந்த நாள், பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட நாள். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே பிறந்த நாள் என அமைந்துவிட்டால், ஒருவர் கடன் மற்றொருவர் தலையில் ஏறுவதற்கு நெடுநேரம் ஆகாது.

சட்டம் தந்த உரிமைகள்

1962 மார்ச் 15 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நுகர்வோர்க்குரிய நான்கு உரிமைகளைத் தம் நாட்டு மன்றத்துக்கு எடுத்துரைத்தார். பாதுகாப்பு பெறும் உரிமை, செய்தி அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, தம் குரல் கேட்கப்படும் உரிமை என்பன அவை. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைச்சரக்கு வாங்குபவர் மட்டுமே நுகர்வோர் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வங்கிச் சேவையும் நிதிச் சேவையும் அச்சட்டம் கூறும் சேவைகளுள் அடங்கும். எனவே வங்கி வாசலில் நிற்கும் நாம் இரவலர் அல்லர், நுகர்வோர்.

கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தவென்றே 2005-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படியும், ரிசர்வ் வங்கியின் ஆணைகளின்படியும் நமக்குரியவற்றை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, பார்க்கும் உரிமை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று முறை வைத்துக் கேட்டால், ஒரு காசு செலவின்றி ஆண்டு முழுவதும் நம் பேரேட்டைக் கண்காணிக்கலாம். நம் அறிக்கையை நாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

இரண்டாவது, காரணம் அறியும் உரிமை. அறிக்கையைக் காரணமாகக் கொண்டு கடனை மறுக்கும் வங்கி, அக்காரணத்தை 30 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அறிக்கையின் படியையும் உடன் தர வேண்டும். நாங்கள் கேட்கத் தவறியது இதைத்தான்.

மூன்றாவது, திருத்தும் உரிமை. பிழையை எழுதிக் கொடுத்தால் 30 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். இதில் கடன் கொடுத்த நிறுவனத்திற்குரிய காலம் 21 நாட்கள். கெடு தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் நமக்கு இழப்பீடு தரவேண்டும். இவ்விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது.

நான்காவது, முறையிடும் உரிமை. நிறுவனம் செவிசாய்க்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பர் முதல் அவருடைய அதிகாரத்துக்குள் கொண்டுவரப்பட்டன. சேவைக் குறைபாட்டால் இழப்பு நேர்ந்திருப்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது.

மாணவர்க்கு மேலும் ஒரு செய்தி. மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்தால் மாணவரின் கல்விக்கடன் விண்ணப்பத்தைத் தள்ளலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. முதன்முறை கடன் கேட்போரைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுத்தல் கூடாதென ரிசர்வ் வங்கியும் 2025-இல் அறிவுறுத்தியது. வங்கி வாசலை நம் தலைமுறைதான் முதன்முதலாக மிதிக்கிறது. வரலாறு இல்லாமையைக் குற்றமாகக் கருதும் வழக்கம் நம் பிள்ளைகளையே முதலில் தாக்கும் என்பதால், இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

சாதியும் முகவரியும்

இவ்வறிக்கையில் சாதிக்கு இடமுண்டா என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். சாதி என்று ஒரு கட்டம் அதில் இல்லை. கடன் வழங்குவதில் பால், சாதி, சமயம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு வேறுபாடு காட்டலாகாது என்று ரிசர்வ் வங்கி 2003-ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருக்கிறது. பழைய பேரேட்டை விட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. வட்டிக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துத்தான் வட்டியை முடிவு செய்தார்.

ஆயினும், அறிக்கையில் முகவரி உண்டு. நம் மக்களில் பலருடைய முகவரியில் 'காலனி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அச்சொல் எதைச் சுட்டுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். கட்டம் இல்லையென்பதால் கண்ணும் இல்லையென்று நாம் கருதிவிடலாகாது. அதனால்தான் எழுத்தில் காரணம் கேட்பது இன்றியமையாததாகிறது. வாய்ச்சொல்லால் மறுப்பவர் எதையும் காரணமாக வைத்திருக்கலாம். எழுத்தில் தர வேண்டியவர் நிறுவத்தக்க காரணத்தையே எழுத வேண்டும்.

நம் பொறுப்புகள்

உரிமையைப் பேசும் நாம் பொறுப்பை மறைத்தல் அறமன்று. வாங்கிய கடனைக் கட்டாதவர்க்கு எந்தச் சட்டமும் நல்ல மதிப்பெண் தராது. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பணம் கொடுத்தால் சிபிலைச் சரிசெய்து தருவோம் என்று சொல்பவரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

இளைஞர்களே, கைப்பேசியில் நொடிப்பொழுதில் கிடைக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் கடனும் கடனே. அதன் தவணை தவறினாலும் பதிவாகும். தவறிய தவணைகளைக் காரணமாகக் காட்டி ஒருவரின் பணி நியமனத்தைப் பொதுத்துறை வங்கி ஒன்று நீக்கியது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆக, இப்பேரேடு கடனுக்கு மட்டுமன்றி வேலைக்கும் குறுக்கே நிற்கக்கூடும்.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்து இடுவோர், அக்கடன் தம் அறிக்கையிலும் ஏறும் என்பதை அறிந்து இடுங்கள். நட்பு பெரிதுதான், ஆனால் நண்பர் தவறும் தவணை நம் பிள்ளையின் படிப்பைத் தடுக்கும். குழுக்கடன் வாங்கும் தாய்மார்களே, ஆதார் நகலையும் பான் நகலையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்காதீர்கள். கொடுக்கும் நகலில் இன்ன காரியத்திற்காக என்று தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்பதைக் குழுத்தலைவி சொல்லி அறியாமல், அறிக்கையைப் பார்த்தே அறியுங்கள்.

கடன் தீர்ந்ததும் நிலுவையில்லாச் சான்றை வாங்காமல் படியிறங்காதீர்கள். தள்ளுபடி பேசி ஒரு தொகை கட்டி முடித்தால், கடன் முழுவதும் அடைந்தது என்று அறிக்கையில் வராது. 'செட்டில்டு' என்று வரும். அது பின்னாளில் தடையாகலாம். வசூலுக்கு வருபவர் இவ்வேறுபாட்டைச் சொல்ல மாட்டார். நாமே கேட்டறிய வேண்டும்.

முடிவுரை

1907-ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசா விலையில் ஓர் இதழைத் தொடங்கினார். எளியவரும் வாங்கிப் படிக்கும் விலையில் எழுத்தைத் தந்தால் அவர் தம் வரலாற்றைத் தாமே அறிவார் என்பது அவர் நம்பிக்கை. இச்சங்கமும் இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நம்பிக்கையிலேயே விளக்கேற்றி வருகிறது. இரவுப் பள்ளியில் தொடங்கி, இன்று பட்டதாரிகளை எண்ணி மகிழும் நிலைக்கு வந்திருக்கிறோம். பட்டம் பெற்ற நம் இளைஞர், தம் தந்தையின் பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்லாவிடில், அப்படிப்பு வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றே பொருள்.

எனவே இவ்விழாவின் நினைவாக ஒரு சிறு பணியை நாம் மேற்கொள்ள வேண்டுகிறோம். மாதந்தோறும் கடைசி ஞாயிறு மாலை, நம் சங்கப் படிப்பகத்தில் இளைஞர் நால்வர் அமரட்டும். வரும் பெரியோர்க்கும் தாய்மார்க்கும் கட்டணமில்லா அறிக்கையை வரவழைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டட்டும். பிழை கண்டால் அங்கேயே விண்ணப்பம் எழுதட்டும், படியைப் பாதுகாக்கட்டும், முப்பது நாட்களை எண்ணட்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையுள்ள குடும்பங்களை முதலில் அழைக்கட்டும். கல்லூரி வாசலில் நின்று பிழையைக் கண்டுபிடிப்பதை விட, ஓராண்டு முன்பே கண்டுபிடித்தல் நலம். அம்மாணவி இழந்த ஓராண்டை நம்மால் திருப்பித் தர இயலாது. இனியொரு பிள்ளை அவ்வாறு இழக்காமல் காக்க இயலும்.

அந்த மஞ்சள் பையிலிருந்த ரசீதுகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் நாணயத்துக்குச் சான்று. கட்டியவர் அவர், எழுதியவர் வேறொருவர். இனி எழுதப்படுவதை நாமும் படிப்போம், பிழையெனில் திருத்துவோம்.

வளர்க நம் சங்கம்! ஓங்குக அதன் கல்விப் பணி!